கதவு திறந்திருந்தது, உண்மைதான்!

(ஜோலார்பேட்டையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: தொண்டர்கள் கூடி வளர்த்த பொதுப்பணிக்குள் பெரிய கம்பெனி நுழைவது வளர்ச்சியா, தளர்ச்சியா? 'தளர்ச்சியே' அணியில் பேசியது.)



சென்னையிலிருந்து ஒண்ணா வர்ற ரயில் பாதை உங்க ஊர்லதான் ரெண்டாப் பிரியுது. ஒண்ணு பெங்களூருக்குப் போகுது, ஒண்ணு சேலத்துக்குப் போகுது. சேர்ந்து வந்தவர்கள் ஏன் பிரிகிறார்கள் என்று பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

எதிரணித் தலைவர் கேட்டார்: "சும்மா வேலை செய்யறவங்களுக்கு ஒரு கம்பெனி கை கொடுத்தா, நன்றி சொல்லிட்டு வாங்கிக்க வேண்டியதுதானே?" 'சும்மா' என்றார் பாருங்கள், வழக்கே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. காலையில் நான்கரை மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போகிறேன். என் வீட்டுக்காரரிடம் யாராவது "மேடம் வீட்ல என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "வீட்ல சும்மாதான் இருக்கா" என்பார். (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். ஆனால் சம்பளம் வாங்காமல் செய்கிற அந்த அடுப்படியில் என்னைக் கேட்காமல் ஒரு டப்பாவை இடம் மாற்றச் சொல்லுங்கள் பார்ப்போம்!

கதை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அப்படி ஒரு கலைக்களஞ்சியம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன், தொழிலால் கட்டடக் கலைஞர், வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே அதில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். அவரைப் போல உலகின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் எழுதினார்கள். ஒரு கலைச்சொல்லுக்கு நாலு நாள் சண்டை போடுவார்கள், ஒற்று மிகுமா மிகாதா என்று விவாதிப்பார்கள். தமிழாசிரியை எனக்கே பொறாமையாக இருக்கும். என் வகுப்பில் ஒற்று என்றாலே பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்!

2009 வாக்கில் அங்கே கூகுள் நிறுவனம் நுழைந்தது. ஆங்கிலக் கட்டுரைகளைக் கணினிக் கருவியின் துணையோடு, கூலி கொடுத்து ஆள் வைத்துத் தமிழாக்கி இறக்கியது. நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தன. இந்தி, தெலுங்கு, கன்னடம், குஜராத்தி என்று பல மொழிகளிலும் இதே வேலை. 2010 ஜூலையில் அந்த நிறுவனமே சொன்ன கணக்கு, எல்லா மொழிகளும் சேர்த்து 1 கோடியே 60 லட்சம் சொற்கள். கவனியுங்கள், கணக்கே சொல் கணக்குதான்.

எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யார் முடிவு செய்தார்கள்? அங்கேதான் சிக்கல். அமெரிக்கப் பாட்டுக்காரர்கள், நடிகர்கள் எல்லாம் நீளநீளமாகத் தமிழில் வந்தார்கள். ஆம்பூரில் ஒரு கல்யாணம், ஊர்ப் பிள்ளைகள் விடிய விடிய நின்று சீரகச் சம்பாவில் பிரியாணி தம் போட்டு, கத்திரிக்காய்த் தொக்கும் செய்து வைத்திருக்கிறார்கள். பந்தி போடுகிற நேரத்தில் ஒரு பெரிய மனிதர் லாரி நிறைய நூடுல்ஸ் கொண்டுவந்து இறக்கி, "என் அன்பளிப்பு, பரிமாறுங்க" என்றால் எப்படி இருக்கும்? (கைதட்டல்)

நூடுல்ஸாவது நன்றாக இருந்ததா? வாக்கியம் ஆங்கிலத்தில் நடந்தது, தமிழ் எழுத்தில் உடுத்தியிருந்தது. எழுவாய் ஒரு ஊரில், பயனிலை அடுத்த ஊரில். திருத்துவது யார்? கூலிக்கு எழுதியவர் அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டார். ராத்திரி கண் விழித்து உட்கார்ந்தவர் தொண்டர். சம்பளம் வாங்கினவர் விட்ட பிழையை, சம்பளம் வாங்காதவர் திருத்தணும்! இங்கே தோல் தொழில் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறீர்கள். ஊறவைப்பதிலும் சுண்ணாம்பிலும் கோட்டை விட்ட தோலைக் கடைசியில் பாலீஷ் போடுகிறவர் கையில் கொடுத்து 'சரி பண்ணு' என்றால், அவர் என்ன செய்வார்?

அந்த மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வயிற்றுப் பிழைப்பு. கூகுள் சட்டத்தை மீறியது என்றும் நான் சொல்லமாட்டேன். யாரும் எழுதலாம் என்பதுதானே விதி? கதவு திறந்திருந்தது, உண்மைதான். திண்ணைக் கதவு திறந்திருக்கிறது என்பதற்காக நேரே அடுப்படிக்குள் வந்து குழம்பில் உப்பு அள்ளிப் போடலாமா?

வங்காளிகள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தரமில்லாத கட்டுரைகளை நீக்கினார்கள். நம்மவர்கள் பேசிப் பார்த்தார்கள். "புதுசு போடறதை நிறுத்துங்க, போட்டதைத் திருத்துங்க, தலைப்பை எங்களைக் கேட்டு எடுங்க" என்றார்கள். 2010-இல் போலந்து நாட்டு கிதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அ. இரவிசங்கர் என்ற தமிழ் இளைஞர் இந்தக் குறைகளையெல்லாம் உலகத்தின் முன்னால் எடுத்து வைத்தார். அடுத்த வருஷம், 2011 ஜூனில், கூகுளின் மொழிபெயர்ப்பு இயந்திரம் தமிழ் பேச ஆரம்பித்தது. ஒத்த வாக்கியங்களை இரண்டு மொழியிலும் கொடுத்துத்தான் அந்த மாதிரி இயந்திரத்தைப் பழக்க வேண்டும். நம் வீட்டுப் பந்தியில் யாருக்கு விருந்து நடந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எதிரணி நண்பர் மென்பொருள் உலகத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ஓப்பன் ஆபீஸ் என்று ஒன்று, கணினியில் கடிதம் எழுத, கணக்குப் போட, எல்லாம் இலவசம். அதை நடத்திய சன் நிறுவனத்தை 2010 ஜனவரியில் ஆரக்கிள் வாங்கியது. அதே செப்டம்பரில் தொண்டர்களில் பலர் எழுந்து வந்து லிப்ரே ஆபீஸ் என்று தனியாகத் தொடங்கினார்கள். பேர்ப்பலகை கம்பெனியிடம், வேலை தெரிந்த கைகள் வெளியே. 2011-இல் ஆரக்கிள் அந்தப் பலகையையும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. பாதை பிரிந்தது, உங்க ஜங்ஷன் மாதிரியே.

மணியைப் பார்க்கிறார் நடுவர். ஒன்றே ஒன்று, என் மாமனார் ஊரில் நடந்தது. தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு இரவுப் பள்ளி. ஊர் இளைஞர்கள் மாசம் ஆளுக்கு அஞ்சு ரூபாய் போட்டு நடத்தினார்கள். கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு தையல்காரர். பதினோரு வருஷம், பைசா வாங்கவில்லை. ஒரு கம்பெனிக்காரர், பேர் வேண்டாம், பெஞ்சு வாங்கிக் கொடுத்தார், மின்விசிறி மாட்டினார், நல்லதுதான். வாசலில் தன் பெயரில் பலகையும் மாட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா, போட்டோ. தையல்காரர் முன் வரிசையில் உட்காரப் போனார். "நீங்க கொஞ்சம் பின்னாடி போங்க சார், கெஸ்ட் வர்றாங்க" என்றார்கள். போனார்.

திங்கட்கிழமை ராத்திரி பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். விசிறி சுற்றியது. ஏழரை, எட்டு, எட்டரை. தையல்காரர் வரவில்லை. நானும் மாமனாரும் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டோம். மிஷினை மிதித்துக்கொண்டே சொன்னார்: "அங்கதான் இப்ப எல்லாம் இருக்கேம்மா, நான் எதுக்கு?"