வீட்டிலிருந்தே தொழில் பயிலுதல்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லூரி மாணாக்கரும் இணையவழித் தொழிற்பயிற்சியும் என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்துள்ளனர். பட்டப்படிப்பின் இடையே மாணாக்கன் ஒருவன் ஒரு நிறுவனத்திற் சேர்ந்து சில மாதம் வேலை பழகுவது புதிய வழக்கமன்று. பொறியியல் போன்ற துறைகளில் அப்பயிற்சி படிப்பின் ஓர் அங்கமாகவே வைக்கப்பட்டுள்ளது. புதியது யாதெனின், நிறுவனத்தின் வாயிற்படியை மிதியாமலே, வீட்டு மேசையில் இருந்துகொண்டு கணினி வாயிலாக அவ்வேலையைப் பழகுவதாம்.

இவ்வழக்கம் நம் நாட்டிற் பரவியது பெரும்பாலும் இடர்ப்பாட்டினாலேயாம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கோவிட் நோயின் பொருட்டுப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. அலுவலகங்கள் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன. 2022இல் எரிபொருளுக்கு வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, மீண்டும் அவ்வழியே செல்ல நேர்ந்தது. நோயும் நெருக்கடியும் தணிந்தன, வழக்கமோ நிலைத்துவிட்டது. ஆதலின் இது வேண்டுமா வேண்டாமா என வாதிடுவதினும், இதனால் நாம் பெறுவது யாது, இழப்பது யாது என ஆராய்வதே தக்கதாகும்.

முதலிற் பெறுவதைப் பார்ப்போம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் இருக்கின்றது. கணினி மென்பொருள் நிறுவனங்களோ பெரும்பாலும் கொழும்பில் இருக்கின்றன. கொழும்பிற் சென்று பயிலும் பிள்ளைக்குக் கிடைக்கும் சிறு படித்தொகை அறை வாடகைக்கும் சாப்பாட்டுக் கடைக்குமே போதாது. பெண்பிள்ளையாயின், தனியே அனுப்பத் தயங்கும் பெற்றோர் எத்தனை பேர்! திறமை இருந்தும் பணம் இன்மையாலோ பயணம் இன்மையாலோ வாய்ப்பை இழந்தோருக்கு, இணையவழிப் பயிற்சி ஒரு கதவைத் திறந்துள்ளது என்பதை மறுத்தல் இயலாது.

அக்கதவு கொழும்போடு நிற்பதுமன்று. கூகுள் நிறுவனம் 2005இல் 'கூகுள் சமர் ஒஃப் கோட்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. உலகின் எந்த மூலையிலுள்ள மாணாக்கனும் தன் ஊரிலிருந்தே, ஒரு வழிகாட்டியின் கீழ், யாவர்க்கும் பொதுவான திறந்த மென்பொருளுக்கு வேலை செய்து உதவித்தொகை பெறலாம். அத்திட்டத்தின் முதற் பத்தாண்டிலே, உலகிலேயே மிகக் கூடுதலான மாணாக்கரை அதிற் சேர்த்த பல்கலைக்கழகம் எது தெரியுமா? நம் நாட்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகமே! அங்கே ஒருவன் எழுதிய நிரலை அயல்நாட்டார் பலர் வாசித்து, பிழையை எழுத்திலே சுட்டுவர், அவன் திருத்துவான், மீண்டும் சுட்டுவர். இவ்வாறு பெறும் பயிற்சி, பரீட்சைத் தாளில் வரும் புள்ளியைக் காட்டிலும் பயனுடையதன்றோ?

இனி, இழப்பது யாது? தொழில் என்பது வெறுஞ் செய்முறை அன்று. ஆறுமுக நாவலர் அவர்கள் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலிய மொழிபெயர்ப்பிற்கும் துணை நின்றார்கள். ஒரு பள்ளிக்கூடம் எவ்வாறு நடக்கின்றது, ஒரு நூல் எவ்வாறு அச்சுக்குச் செல்கின்றது என்பவற்றை அருகிருந்து கண்டவர்கள், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். பின்னர் அச்சியந்திரமும் வரவழைத்தார்கள். அருகிருந்து காண்பதன் பயன் அத்தகையது. மூத்த ஊழியர் ஒருவர் கோபமுற்ற வாடிக்கையாளரிடம் எவ்வாறு பேசுகின்றார், பிழை நேர்ந்தபோது யாரிடம் முதலிற் செல்கின்றார் என்பவை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

இது எமது ஊகம் மட்டுமன்று. அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருட் பொறியியலாளரை ஆராய்ந்தோர், குழுவினரோடு ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள் தம் வேலைபற்றிக் கூடுதலான திருத்தக் குறிப்புகளைப் பெற்றனர் என்றும், அதனால் மிகுந்த நன்மை அடைந்தோர் இளையோரே என்றும் கண்டனர். 2020ஆம் ஆண்டுக் கோடையில் ஹார்வர்ட் ஆய்வாளர் சிலர் இணையவழிப் பயிலுநரிடையே ஒரு சோதனை நடத்தினர். அவர்களுட் சிலரைச் சீட்டுக் குலுக்குவதுபோலத் தெரிந்து, மூத்த முகாமையாளரோடு கணினி வழியே சிறிது நேரம் சாதாரணமாக உரையாட வைத்தனர். அவ்வாறு உரையாடினோர் வேலையில் மேலான மதிப்பீடு பெற்றனர். நிரந்தர உத்தியோகமும் அவர்களுக்கே கூடுதலாகக் கிட்டிற்று. தூரத்திலும் பெருங்குறையாவது பெரியோர் உறவு இன்மையே என்பதும், அக்குறை முயற்சியால் நீக்கத்தக்கது என்பதும் இதனாற் பெறப்படும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை உண்டு. பாலம் கட்டுவதையும் பயிர் நோயையும் நோயாளியின் நாடியையும் திரையிற் பார்த்துப் பழகல் ஆகாது. எல்லாத் துறைக்கும் இவ்வழி பொருந்தாது. மற்றையது, "பணம் கட்டுக, பயிற்சிச் சான்றிதழ் அனுப்புவோம்" என்று அழைப்போர் இணையத்தில் மலிந்துள்ளனர். வேலை பழக்குபவர் பயிலுபவனிடம் கட்டணம் கேட்பாராயின், அவர் விற்பது கடதாசியே. மாதக்கணக்காகக் கூலியின்றி வேலை வாங்குவோரும் உளர். அவரிடத்தும் அவதானம் வேண்டும்.

ஆகவே வாலிப அன்பர்களே, சேரும் முன் மூன்றைக் கேளுங்கள்: எம் வேலையை வாசித்துத் திருத்துபவர் யார்? வாரத்தில் எத்தனை முறை அவரோடு பேசலாம்? முடிவில் நாம் செய்தது என்று காட்டத்தக்கது யாது? இவற்றுக்கு விடை இல்லையாயின் அப்பயிற்சியை விட்டுவிடுதல் நன்று. சேர்ந்தபின் வாய் திறந்து வினாவுங்கள். நம் பிள்ளைகள் பணிவின் பெயரால் மௌனம் சாதிப்பர். அறையில் இருப்பவனின் வாடிய முகம் பிறர்க்குத் தெரியும், திரைக்கு அப்பால் இருப்பவனின் மௌனத்தை எவர் அறிவார்?

பெரியோர்களே, உங்களிடம் எமது விண்ணப்பம் இரண்டு. கணினியின் முன் இருக்கும் பிள்ளை வீட்டிற் சும்மா இருப்பதாக எண்ணி, கடைக்கும் ஆலைக்கும் அனுப்பாதீர்கள். அது அவனுடைய, அவளுடைய வேலை நேரம். இரண்டாவது, எல்லா வீட்டிலும் தனி அறையும் நல்ல இணைப்பும் இல்லை. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதையும் நாம் மறந்தோமல்லோம். நமது சங்கத்தின் வாசிகசாலையில் ஓர் அறையை ஒதுக்கி, நான்கு மேசையும் இணைய இணைப்பும், மின் நின்றால் உதவ ஒரு மின்கலமும் வைத்தல் பெருஞ் செலவாகாது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழும் நம் பழைய உறுப்பினர், மாதத்தில் அரைமணி நேரம் ஒரு மாணாக்கனோடு உரையாட முன்வருவாராயின், அது அவர்கள் அனுப்பும் நன்கொடையினும் சிறந்த கொடையாகும்.

வசதி படைத்த பிள்ளைக்கு இவை யாவும் வீட்டிலேயே உண்டு. இல்லாத பிள்ளைக்குச் சங்கம் அவற்றை அளிக்குமா என்பதே நம் முன்னுள்ள கேள்வி. வருகிற செயற்குழுக் கூட்டத்தில் இதனை ஒரு பிரேரணையாக எடுத்துக்கொள்ளுமாறு தாழ்மையுடன் வேண்டி, எமது உரையை நிறைவு செய்கிறோம்.