மறைத்த கடனும் எழுதிய கணக்கும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘சிக்கனமும் இல்லறமும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் எம்மைப் பணித்தார். பொருளாதாரம் கற்ற பேராசிரியர்கள் வாழும் இத் திருவனந்தபுரத்தில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட ஒரு ரயில்வே எழுத்தரை இதற்கு அழைத்ததேன் என்று எண்ணிப் பார்த்தோம். கடன் வாங்கிய அனுபவத்தில் யாம் எவர்க்கும் பின்தங்கியவரல்லோம் என்பது அவர் காதுக்கு எட்டியிருக்க வேண்டும்! ஆகவே, ஏட்டில் கற்றதைக் காட்டிலும் வீட்டில் பட்டதையே மிகுதியும் கூற விரும்புகிறோம்.

எம் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு நாடி இங்கு வந்தவர். சாலைக் கம்போளத்தில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதினார். நாள்வழியிலிருந்து பேரேட்டுக்குப் பெயர்க்காமல் அவர் ஒரு நாளும் படுக்கைக்குச் சென்றதில்லை. அவர் மகனாகிய யாமும் கணக்கெழுதியே பிழைக்கிறோம். அலுவலகத்தில் ஒரு ரூபாய் பிசகினாலும் எமக்கு உறக்கம் வராது. ஆயினும் சொந்த வீட்டின் கணக்கை மட்டும் ஐந்தாண்டுக் காலம் யாம் எழுதவில்லை. எழுதினால் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சமே காரணம்.

கடன் எம் வீட்டுக்குள் எவ்வாறு நுழைந்தது? குடியாலன்று, சூதாட்டத்தாலுமன்று. தங்கை மகளின் திருமணத்துக்குத் தாய்மாமன் சீர் செய்ய வேண்டியிருந்தது. ‘கேரளத்தில் ரயில்வே உத்தியோகத்தில் இருக்கிறார்’ என்று ஊரிலே எமக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்குத் தக்க சீர் வேண்டுமல்லவா? இல்லத்தரசியின் நகைகளை அடகு வைத்தோம். அதுவும் போதாமற்போகவே, நம் பக்கத்தில் ‘பிளேடு’ என்று சொல்வார்களே, அத்தகைய ஒருவரிடம் 40,000 ரூபாய் வாங்கினோம். மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி. நகைக் கடனை இல்லத்தரசி அறிவார். பிளேடுக் கடனை எவரும் அறியார்.

இதை ஏன் மறைத்தோம் என்று கேட்பீர்கள். மானம் ஒரு காரணம். அச்சம் மற்றொரு காரணம். ஊழியர் ஒருவர் தீராக் கடனாளியாகாதவாறு தம் குடும்பக் காரியங்களை நடத்திக்கொள்ள வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் ரயில்வே நடத்தை விதிகள் கூறுகின்றன. கடன் பெருகியதென்று மேலதிகாரி அறிந்தால் என்ன ஆகுமோ என்று அஞ்சினோம். எனவே, ஒரு கடனை மறைக்க மற்றொரு கடன் வாங்கினோம்.

இந்நிலையில் வீட்டில் சிக்கனத்துக்கு உத்தரவு பிறப்பித்தோம்! நாள்தோறும் வாங்கும் பாலில் அரை லிட்டரைக் குறைத்தோம். எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள், “எனக்குப் பால் பிடிக்காது, அப்பா” என்று சொல்லிவிட்டாள். யாமும் அதை நம்பினோம். நம்புவது அப்போது எமக்கு வசதியாயிருந்தது.

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு மாலை, யாம் பணியிலிருந்த வேளையில், வட்டி வசூலிக்கும் ஆள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். நம் வலியசாலைத் தெருக்களை நீங்கள் அறிவீர்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் நான்காம் வீட்டில் தும்முவார்கள். அவர் உரத்த குரலில் கேட்டதைத் தெரு முழுதும் கேட்டது. இல்லத்தரசி அஞ்சறைப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்து அவரை அனுப்பியிருக்கிறார்.

யாம் இல்லம் திரும்பியபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. உணவு பரிமாறினார். உண்டு முடித்தபின் மகளுடைய பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றையும் பேனாவையும் எம் முன்னே வைத்தார். “எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒன்றையும் விடாதீர்கள். திட்டுவதாக இருந்தால் எழுதி முடித்த பிறகு திட்டுகிறேன்” என்றார். அன்றிரவு யாம் எழுதிய கணக்கு இது.

நகைக் கடன் 1,20,000 ரூபாய், மாதம் நூற்றுக்கு ஒன்று. ஊழியர் கூட்டுறவுச் சங்கக் கடன் 1,50,000. இது சம்பளத்திலேயே பிடித்தமாகிவிடும். பிளேடுக் கடன் 40,000, நூற்றுக்கு ஐந்து. கடன் அட்டையில் 18,000, நூற்றுக்கு மூன்றரை. பலசரக்குக் கடைப் பற்று 9,400. மைத்துனரிடம் வட்டியின்றி வாங்கியது 30,000. ஆக மொத்தம் 3,67,400 ரூபாய். கூட்டுத்தொகையைக் கண்டதும் கை நடுங்கிற்று.

பிறகு வரவையும் செலவையும் எழுதினோம். பிடித்தம் போகக் கைக்கு வந்த சம்பளம் 31,400. வாடகை, அரிசி, பலசரக்கு, காய்கறி, பால், எரிவாயு, மின்சாரம், பள்ளி, தாயாரின் மருந்து, தொலைபேசி, சில்லறைச் செலவு அனைத்தும் சேர்ந்து 27,600. மீதி 3,800. மாத வட்டியோ நகைக்கு 1,200, பிளேடுக்கு 2,000, அட்டைக்கு 630, ஆக 3,830. மாதந்தோறும் முப்பது ரூபாய் துண்டு விழுந்தது. அசலில் ஒரு காசும் குறையவில்லை.

அப்போது இல்லத்தரசி ஒரு கேள்வி கேட்டார். “அரை லிட்டர் பாலை நிறுத்தி மாதம் எவ்வளவு மிச்சப்படுத்தினோம்?” ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. பிளேடுக்கு மட்டும் மாதம் இரண்டாயிரம். அவ்வாறு இருபது மாதம் கொடுத்து முடித்திருந்தோம். அதாவது, வாங்கிய நாற்பதாயிரத்தை வட்டியாகவே முழுதும் திருப்பிக் கொடுத்திருந்தோம். ஆனால் அசல் நாற்பதாயிரமும் அப்படியே நின்றது. குழந்தையின் பாலை எடுத்துப் பிளேடுக்கு வார்த்திருக்கிறோம் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அன்பர்களே! சிக்கனம் என்றவுடன் நாம் அடுக்களையிலிருந்து தொடங்குகிறோம். காப்பிப் பொடியைக் குறை, எண்ணெயைக் குறை என்கிறோம். வட்டிதான் வீட்டின் மிகப் பெரிய வீண் செலவு. அதை முதலில் வெட்டாமல் வயிற்றை வெட்டுவது, ஓட்டைக் குடத்தை அடைக்காமல் கிணற்றில் மெல்ல இறைப்பதை ஒக்கும்.

ஆகவே, கடன்களைத் தொகையின் வரிசையில் பாராமல் வட்டியின் வரிசையில் வைத்தோம். பிளேடுக் கடன் முதலில் நின்றது. அதை அடைக்க இல்லத்தரசி தம் வளையலைக் கழற்றுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, “உங்கள் மோதிரம் முதலில் போகட்டும்” என்றார். நியாயந்தானே! எம் ஒரு பவுன் திருமண மோதிரத்தை விற்றோம். கிடைத்த பணம் நாற்பதாயிரத்தைச் சற்றே தாண்டிற்று. கடனை முடித்து, கொடுத்திருந்த கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைத் திரும்ப வாங்கிக் கிழித்தோம். நகையை விற்கக் கூசி, அடகிலேயே வைத்து ஆண்டுதோறும் புதுப்பித்து வட்டி கட்டுவோர் நம்மிற் பலர். மீட்க வழியில்லாத நகையில் ஒன்றை விற்று மற்றவற்றைக் காப்பது இழிவன்று.

அவ்வாண்டு ஐப்பசியில் ரயில்வேயில் 78 நாள் போனஸ் வந்தது. உச்சவரம்பின்படி 17,951 ரூபாய். முந்தைய ஆண்டுகளில் அது தீபாவளிப் பட்டாசோடு புகைந்து போகும். அவ்வாண்டு கடன் அட்டைக்குச் சென்றது. நாற்பத்தொன்பது ரூபாய் குறைந்தது. அதை மகள் தன் உண்டியலிலிருந்து கொடுத்தாள். இவ்விரண்டு கடனும் ஒழிந்தவுடன் மாதம் 2,630 ரூபாய் கையில் நின்றது. பலசரக்குக் கடைக்காரரிடம் நேரில் சென்று உண்மையைச் சொன்னோம். மாதம் 2,350 வீதம் நான்கே மாதத்தில் 9,400 ரூபாயும் தீர்ந்தது. அவர் எம்மைத் தாழ்வாக எண்ணவில்லை. முன்னிலும் அன்பாகவே பேசுகிறார்.

அதன்பின் பற்றுச் சீட்டு என்பதே எம் வீட்டில் இல்லை. மாவேலி ஸ்டோரில் குடும்ப அட்டைக்கு 13 பொருள்கள் மானிய விலையில் தருகிறார்கள். அங்கு கிடைப்பதை அங்கும், மற்றதைச் சாலைக் கம்போளத்திலும் ரொக்கத்துக்கு வாங்குகிறோம். பற்றில் வாங்கும்போது விலை கேட்க நா எழுவதில்லை. ரொக்கம் கொடுப்பவர் நாலு கடை விசாரிக்கலாம். அதில் மிஞ்சியதைக் கொண்டு அரை லிட்டர் பால் மீண்டும் வந்தது. பால் பிடிக்காத மகள் முதல் நாளே இரண்டு தம்ளர் குடித்தாள்!

புலம்பெயர்ந்த நமக்கு மற்றுமொரு சுமை உண்டு. ஓணமும் நமது, தீபாவளியும் நமது. விஷுவும் உண்டு, பொங்கலும் உண்டு. இரண்டு நாட்டுப் பண்டிகையையும் கொண்டாடும் பேறு நமக்கு. இரண்டு நாட்டுச் செலவும் நமக்கே! எம் இல்லத்தில் புத்தாடை ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டோம். ஓணத்துக்கா தீபாவளிக்கா என்பதைக் குழந்தையே முடிவு செய்கிறாள். பாயசம் மட்டும் நான்கு பண்டிகைக்கும் உண்டு.

சட்டம் பற்றியும் சில சொற்கள் கூற வேண்டும். உரிமமின்றி வட்டித் தொழில் செய்வதை 1958ஆம் ஆண்டின் கேரள வட்டிக்கடைச் சட்டம் தடுக்கிறது. கொடுவட்டியைத் தண்டிக்க 2012இல் தனிச் சட்டமும் வந்தது. 2014இல் ‘ஆபரேஷன் குபேரா’ என்னும் பெயரால் கேரள அரசு இத்தகையோர்மீது நடவடிக்கை எடுத்தது. நீதிமன்றமே கடனுக்குச் சம்பளத்தைப் பற்றினாலும், ஜீவனாம்சம் தவிர்த்த மற்றக் கடன்களில், முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு காக்கிறது. ஏ.டி.எம். அட்டையையோ கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையோ ஈடாகக் கொடாதீர்கள். காசோலை திரும்பினால் அது குற்ற வழக்காகிவிடும்.

தனி மனிதரால் இயலாததைக் கூடி வாழ்வோர் செய்துள்ளனர். 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் நெசவாளர் முதலான 28 எளிய மக்கள் சிறு தொகை சேர்த்துக் கூட்டுறவுக் கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி முதலியவற்றை விற்றனர். கடன் கொடுப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. அவ்வழியைப் பின்பற்றி 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. நம் கேரளத்திலேயே 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களில் பெண்கள் சிறுகச் சேமித்துத் தம்முள் கடன் வழங்கிக்கொள்கிறார்கள். நம் தாய்மார்கள் மொழி வேற்றுமை பாராது அவற்றில் சேரலாம்.

நம் சங்கமும் ஒன்று செய்யலாகாதா? ஐந்து குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு மூட்டை அரிசியை மொத்த விலைக்கு வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். சிட்டி சேருவோர் பதிவு பெற்ற நிறுவனத்தில்தானா சேருகிறார்கள் என்று பெரியோர்கள் பார்த்துச் சொல்லலாம். சிட்டியை முன்னதாக ஏலத்தில் எடுப்பதும் ஒரு கடனே என்பதை இளைஞர்க்கு எடுத்துரைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னார் இவ்வளவு சீர் செய்தார் என்று அளந்து பேசும் வழக்கத்தை நாம் விட்டுவிடலாம்.

இறுதியாக ஒன்று. சென்ற ஆண்டு எம் தங்கை இங்கு வந்திருந்தபோது, சீர் செய்த கதையை இல்லத்தரசி சொல்லிவிட்டார். தங்கை கண் கலங்கினாள். “அண்ணா, நீங்கள் ஒரு புடவையோடு வந்து நின்றிருந்தாலே எனக்குப் போதுமே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள். ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லாத குற்றத்துக்கு எம் குடும்பம் இத்தனை ஆண்டு வட்டி கட்டிற்று.

இன்று எமக்கு நகைக் கடனில் 36,000 ரூபாய் மீதியுண்டு. கூட்டுறவுச் சங்கப் பிடித்தமும் நடந்துகொண்டிருக்கிறது. மைத்துனருக்கு 30,000 தர வேண்டும். அவரிடம் தவணை கேட்டிருக்கிறோம். கடன் முற்றும் தீர்ந்தவர் என்ற பெருமையோடு இம்மேடையில் யாம் நிற்கவில்லை. ஆனால் அந்நோட்டுப் புத்தகம் எம் வீட்டில் மறைவிடத்தில் இல்லை. கூடத்து அலமாரியில், எவரும் எடுத்துப் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. இப்போது அதில் கூட்டிக் கழிப்பவள் மகள். அவள் தாத்தாவின் கையெழுத்துப் போலவே எண்களைக் குண்டு குண்டாக எழுதுகிறாள்.

இவ்விழா முடிந்து இல்லம் திரும்பியதும், இன்றிரவே, உங்கள் வீட்டிலும் ஒரு தாளை எடுத்து, கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து எழுதுங்கள். ஒன்றையும் விடாதீர்கள். திட்டுவதை எழுதி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.