மனம் நோயுற்ற இளைஞர்க்கு வீட்டில் ஓர் இடம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் தேர்ச்சி விழுக்காடு, உதவித்தொகை, போட்டித் தேர்வு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நாமும் அவ்வாறே பேச எண்ணியிருந்தோம். ஆயினும், நீண்ட காலமாக நம் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருக்கும் ஒன்றை இந்த அவையில் சொல்லாவிடின் வேறெங்கும் சொல்ல இயலாது என்று தோன்றியது. எனவே, இன்று படிப்பைப் பற்றியன்றி, படிக்கும் வயதில் மனம் நோயுற்ற பிள்ளைக்கு வீட்டில் நாம் தரும் இடத்தைப் பற்றிப் பேச விழைகிறோம்.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் பெற்றார். அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவரே. இரண்டாம் ஆண்டில் அவருக்கு உறக்கம் கெட்டது. எவரோ தம்மைப் பற்றிப் பேசும் குரல் கேட்பதாகக் கூறலானார். விடுதியை விட்டு வீடு திரும்பினார். செய்தியறிந்து நாம் அவர் இல்லம் சென்றோம். முன்னறையில் அவர் பெற்ற கேடயம் இருந்தது, அவர் இல்லை. "பையன் எங்கே?" என்றோம். தந்தையார் தலைகுனிந்து, வீட்டின் பின்புறம் அழைத்துச் சென்றார். விறகு அடுக்கும் தகரக் கொட்டகை, சன்னல் கிடையாது, தாழ்ப்பாள் வெளிப்புறத்தில் இருந்தது. உள்ளிருந்து, "சார், வணக்கம்" என்ற குரல் கேட்டது.

பெற்றோர் கொடியவர் அல்லர். அருகில் இரயில் பாதை, அப்பால் பெருஞ்சாலை. பிள்ளை இரவில் எழுந்து போய்விட்டால் என் செய்வது என்ற அச்சம். விடிந்தால் இருவரும் கூலிக்குச் செல்ல வேண்டும். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம் வேறு. அவர்களிடம் ஆறுதலாக நான்கு சொல் சொல்லிவிட்டுத் திரும்பினோம். "அந்தத் தாழ்ப்பாளை எடுங்கள்" என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. ஆசிரியர் என்று நம்மை அழைத்த பிள்ளைக்கு நாம் செய்த குறை அது. சில மாதங்கள் கழித்து ஊர்ச் செவிலியர் ஒருவரின் முயற்சியால் அவர் மருத்துவமனை சென்றார், மருந்தினால் தேறினார், இன்று ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். அண்மையில் நம்மைக் கண்டபோது, "உள்ளே இருந்தபோது இரவா பகலா என்றே தெரியாது சார்" என்றார். பெற்றோரைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. நம்மைப் பற்றியும் சொல்லவில்லை.

பெரியோர்களே! குடியிருக்கும் இடத்தின் அருமையை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1891ஆம் ஆண்டில் இந்தச் செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரெமன்ஹீர், நம் முன்னோரின் நிலைமையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். குடிசை நிற்கும் மண்கூடத் தம்முடையதன்று என்பதால், நிலவுடைமையாளர் சொல்லுக்கு அஞ்சி அவர்கள் வாழ நேர்ந்ததை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. 1892இல் பிறந்த பஞ்சமி நில ஆணைக்கு அதுவே வித்து. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள் வீட்டுமனைக்காகப் போராடிப் பெற்ற வரலாறு நம்முடையது. அவ்வாறு பெற்ற வீட்டுக்குள்ளேயே ஒரு பிள்ளையைக் கொட்டகையில் ஒதுக்குவோமாயின், நமக்கு இழைக்கப்பட்டதை நாமே நம் பிள்ளைக்கு இழைத்தவர்கள் ஆவோம் அன்றோ?

ஒதுக்கி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் மட்டும் தோன்றியதன்று. சென்னையில் 1794ஆம் ஆண்டிலேயே மனம் நோயுற்றோர்க்கென ஒரு காப்பகம் தொடங்கப்பட்டது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. இன்றைய மனநல மருத்துவ நிலையம் அதன் வழிவந்ததே. அக்காலக் காப்பகங்கள் உயர்ந்த மதிலையும் பூட்டையுமே நம்பின. 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக விளங்கிய மருத்துவர் சாரதா மேனன், புறநோயாளர் பகுதியை வளர்த்தும், தொழிற்பயிற்சி அளித்தும், அம்மதிலுக்குள் வெளியுலகை அழைத்துவந்தார். பின்னர் 1984இல் ஸ்கார்ப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

பூட்டும் சங்கிலியும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் நாடு கண்டது. கூரை வேய்ந்த காப்பகம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் மாண்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், எவ்வகையிலும் சங்கிலியிடுதலைத் தடை செய்கிறது. சமுதாயத்தின் நடுவே வாழும் உரிமை உண்டென்கிறது. குடும்பம் கைவிட்டவர்க்கும் குடும்ப வீட்டில் வாழ உரிமை உண்டு என்றும், அதற்கு அரசு துணைநிற்க வேண்டும் என்றும் கூறுகிறது.

இடத்துக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். விடை காணத் தொலைவு செல்ல வேண்டா. நாம் நாள்தோறும் மின்சார இரயிலில் கடக்கும் தாம்பரம் சானடோரியம் போதும். 1928இல் மருத்துவர் சௌரி முத்து அதனை நிறுவினார். காசநோயைத் தீர்க்கும் மருந்து இல்லாத காலம் அது. காற்று, வெளிச்சம், மரநிழல், ஓய்வு, நல்லுணவு இவையே சிகிச்சையாக இருந்தன. அமெரிக்காவில் உல்ரிச் என்னும் அறிஞர் 1984இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குச் சான்று. அறுவை மருத்துவம் முடிந்தவர்களுள், சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரைக் கண்டவர்களைக் காட்டிலும் விரைவில் வீடு திரும்பினர். வலிமை மிக்க வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஒன்றை மறவாதீர்: காசநோய்க்குப் பின்னாளில் மருந்து வந்தது, மனநோய்க்கும் இன்று மருந்து உண்டு. வீடு மருந்துக்கு மாற்றன்று. மருந்து வேலை செய்ய வீடு இடங்கொடுக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட பான்யன் என்னும் தொண்டு நிறுவனம், 2015 முதல் ஒரு புதுவழி கண்டது. மருத்துவ இல்லங்களில் நெடுங்காலம் தங்கிவிட்டவர்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடியேறுகிறார்கள். சமைப்பதும், கடைக்குச் செல்வதும், அண்டை வீட்டாரோடு பேசுவதும் அவர்களே. தேவைக்கேற்ப ஒரு பணியாளர் உடனிருந்து துணைசெய்கிறார். உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் இம்முயற்சியை எடுத்துக்காட்டியுள்ளது. நெடுங்காலம் வெளியே இருந்தவர்களுக்கே வீடு இவ்வளவு செய்யுமாயின், இப்போதுதான் நோய் தொடங்கிய இளைஞருக்கு எவ்வளவு செய்யும்! மனநோய்களுள் பெரும்பகுதி 25 வயதுக்கு முன்னரே தொடங்குகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

"நம் வீடோ சிறிது, இதில் என்ன செய்வது?" என்பீர்கள். நியாயமான கேள்வி. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தின் வீடு 360 சதுர அடியே. பழைய தொகுப்பு வீடுகளும் நெருக்கடியானவையே. அந்த அளவுக்குள்ளேயே இயலக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, தனி அறை இல்லாவிடினும் தனி மூலை வேண்டும். மூங்கில் தட்டியோ, பழைய சேலைத் திரையோ போதும். அதற்குள் ஒரு பாய், ஒரு தலையணை, அவருடைய உடைகளுக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை அவர் அனுமதியின்றி எவரும் திறத்தல் கூடாது. பிறர் தம்மைக் கண்காணிக்கிறார்கள் என்று அஞ்சுபவர்க்கு, தமக்கென ஓரிடம் உண்டு என்ற உறுதியே பாதி அமைதி. முதுகுக்குச் சுவரும் கண்ணுக்கு வாயிலும் தெரியுமாறு படுக்கை அமைவது நன்று.

இரண்டாவது, வெளிச்சம். காலை வெயில் படும் சன்னலருகே அவர் மூலை அமையட்டும். பகலையும் இரவையும் உடலுக்கு உணர்த்துவது அவ்வெளிச்சமே. மினுக்கும் விளக்கை மாற்றுங்கள். சுவரில் பெரிய எழுத்து நாட்காட்டியும் ஒரு கடிகாரமும் தொங்கட்டும். மாட்டியிருக்கும் படமோ, எதிரிலுள்ள கண்ணாடியோ தம்மை உறுத்துவதாக அவர் சொன்னால், வாதிடாமல் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, ஓசை. ஏற்கெனவே குரல்களால் அலைக்கழிக்கப்படும் காதுக்குத் தொலைக்காட்சியின் கூச்சல் பெருஞ்சுமை. தொலைக்காட்சியை அவர் மூலைக்கு எதிர்ப்புறம் வையுங்கள். இரவில் அணைத்து விடுங்கள். இடைவிடாத ஏச்சும் குத்தலும் நிறைந்த வீட்டில் நோய் திரும்ப வருவது மிகுதி என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே, பேச்சின் ஓசையும் தணியட்டும்.

நான்காவது, வெப்பம். இதனைப் பலர் அறியார். மனநோய் மருந்துகள் சில, உடல் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கும், நாவறட்சியும் தரும். லித்தியம் உட்கொள்பவர் உடலில் நீர் குறைந்தால் அம்மருந்தே அளவு மிகுந்து ஊறு செய்யும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ்ச் சித்திரை வெயிலில் அவரை வைத்தல் ஆகாது. மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். தண்ணீர்ப் பானை கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும்.

ஐந்தாவது, நடை. சில மருந்துகளால் கால் ஓரிடத்தில் நில்லாது; எழுந்து நடக்கத் தோன்றும். அதனை அடக்காதீர், மருத்துவரிடம் சொல்லுங்கள். திண்ணையிலோ வாசலிலோ தடையின்றி நடக்க இடம் விடுங்கள்.

ஆறாவது, காவல். பூச்சிமருந்து, மண்ணெண்ணெய், மிகுதியான மாத்திரைகள் ஆகியவற்றை வீட்டில் வைக்காதீர். வைத்தே தீரவேண்டுமாயின் பூட்டி வையுங்கள். கிணற்றுக்கு மூடியும் மாடிக்குக் கைப்பிடிச் சுவரும் இன்றியமையாதவை. கழிவறைக் கதவு அவசரத்தில் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். ஆபத்தான பொருளைப் பூட்டுங்கள், பிள்ளையைப் பூட்டாதீர்.

ஏழாவது, சாவி. அவர் குழந்தையல்லர்; வளர்ந்த ஆள். நலம் தேறியபின் வீட்டுச் சாவி ஒன்று அவர் கையிலும் இருக்கட்டும். வீட்டு வேலையில் ஒன்று அவர் பொறுப்பாகட்டும். நண்பர் வந்தால் உட்கார வைக்க ஒரு நாற்காலி இருக்கட்டும். கேடயம் முன்னறையிலும் பிள்ளை பின்கொட்டகையிலும் என்ற நிலை எவ்வீட்டிலும் வேண்டா.

இளைஞர்களே! உங்கள் தெருவில் இத்தகைய வீடு ஒன்று இருப்பின், நம்மைப்போல் ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பாதீர். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு உடன் செல்லுங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை அக்குடும்பத்துக்கு எழுதிக் கொடுங்கள். மனநோய் தொற்றுவதன்று, பேயின் செயலன்று, குடும்பத்தின் மானக்கேடும் அன்று.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பரிசளிக்கும் தொகையில் சிறு பகுதியை ஒதுக்கி, இத்தகைய பிள்ளை வாழும் வீட்டில் ஒரு சன்னல் திறக்கவும், ஒரு மின்விசிறி மாட்டவும் உதவுங்கள். சங்கத்தின் முதல் சன்னலுக்கான செலவை, பட்ட கடனாக எண்ணி, நாமே ஏற்றுக்கொள்கிறோம். கொத்தனார், தச்சர், மின்பணியாளர் என நம்மிடையே கைத்தொழில் வல்லார் பலர் உளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பை அவர்கள் தந்தால் போதும்.