கோழிக்கூட்டிலும் ஒரு கண் இருக்கட்டும்

(திருகோணமலை நகரில் தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நம்ம மலையில் பெய்யும் மழை மகாவலியாக ஓடி, இங்கே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேருகிறது. நோயும் அப்படித்தான், ஊர் எல்லை பார்க்காது. வருசா வருசம் வடக்கே தூர தேசங்களிலிருந்து பறவைகள் இந்தக் களப்புகளுக்கு வந்து போகின்றன. இன்புளுவென்சா வைரஸ்களில் பெரும்பாலானவை காட்டு நீர்ப்பறவைகளிடம்தான் குடியிருக்கின்றன. அங்கிருந்து கோழிக்கும் பன்றிக்கும் வரும். சில வேளை மனுசருக்கும் தாவும்.

"தடிமன் காய்ச்சல்தானே, ரெண்டு நாள் படுத்து எழும்பினால் சரி" என்போம். புதிய வைரஸ் என்றால் அப்படியல்ல. அதை எதிர்க்கும் சக்தி பெரும்பாலானோர் உடம்பில் இருக்காது. 1997இல் ஹொங்கொங்கில் கோழிக் காய்ச்சல் 18 பேரைப் பிடித்து 6 பேரைக் கொன்றது. கோழிகளை எல்லாம் அழித்த பிறகே அங்கு அது நின்றது. 2009இல் பன்றி வைரஸிலிருந்து பிறந்த காய்ச்சல் சில மாதங்களில் உலகையே சுற்றியது.

நம் நாட்டிலும் பார்த்தார்கள். 2009 முதல் 2012 வரை இறைச்சிக்கு வெட்டும் பன்றிகளிடம் மாதிரி எடுத்து ஆராய்ந்தார்கள். பேராதனையில் படித்த பேராசிரியர் மலிக் பீரிஸும் அந்த ஆய்வில் இருந்தார். தெரிய வந்தது என்ன? மனுசரிடமிருந்து பன்றிக்கு அந்த வைரஸ் போயிருக்கிறது! ஒரே பன்றியில் இரண்டு வைரஸ் சேர்ந்தால், கலந்து புதியதொன்று பிறக்கலாம். அதனால்தான் மிருகங்களைக் கண்காணிக்கிறார்கள். முன்கூட்டித் தெரிந்தால் தடுப்பூசிக்கு வேண்டிய வைரஸைத் தயாராக வைக்கலாம்.

ஆனால் ஆய்வுகூடத்துக்கு லயத்துக் கோழிக்கூடு தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். "சொன்னால் மிச்சக் கோழியையும் கொண்டு போயிருவாங்க" என்ற பயம் எனக்கு விளங்குகிறது. முட்டைக் காசில்தானே பிள்ளைக்குக் கொப்பி வாங்குகிறீர்கள். ஆனால் மறைத்தால் அடுத்த காம்பிராக் கோழியும் போகும், பிள்ளைக்கும் ஆபத்து வரலாம். வேறு சாதாரணக் கோழி நோயாகவும் இருக்கலாம். அதையும் மிருக வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் கறி வைக்காதீர்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், ஆற்றில் வீசாதீர்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். உடனே மிருக வைத்தியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கூட்டைத் துப்புரவாக்கினால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் பன்றிப் பட்டிப் பக்கம் போகாதீர்கள்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்; கண்டதை அன்றைக்கே சொன்னால் போதும்.