இணைப்பின்றி இயங்கும் குறைப் பதிவேடு

(கொடைக்கானலில் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



மலையில் மழை பிடித்துக்கொண்டால் முதலில் போவது மின்சாரம். அடுத்துப் போவது இணைய இணைப்பு. மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் பக்கத்திலிருந்து வந்திருப்போருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, 'வலைச் செயலி' என்றதும் "இணைப்பே நிலையில்லாத ஊரில் இது எதற்கு?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. இணைப்பு இல்லாதபோதும், அலுவலகக் கணினி ஒன்றிலேயே அதனை நடத்தலாம்.

எதற்காக என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில், ஓடை நீர்க் குழாய் உடைந்துவிட்டதென்று ஒரு குக்கிராமத்துப் பெண்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தனர். அச்சீட்டு என் மேசைக் கோப்புகளுக்கிடையே புதைந்து போயிற்று. ஒன்பது நாட்கள் அவர்கள் குடத்துடன் மேடேறினர். தவறு என்னுடையதே. தீராத குறைகளை மட்டும் நாள்தோறும் காலையில் கண்முன் நிறுத்தும் பதிவேடு இருந்திருப்பின், அது நேர்ந்திராது.

அதைச் செய்யப் 'பைதான்' என்னும் கணினி மொழியும், அம்மொழியில் அமைந்த 'ஜாங்கோ' என்னும் சட்டகமும் போதும். இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. இணைப்புள்ள ஒரு நாளில் இறக்கி நிறுவிக்கொள்ளலாம். ஜாங்கோ, அமெரிக்காவின் லாரன்ஸ் என்ற சிறு நகரத்துச் செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து, 2005-இல் பொதுவுக்கு வந்தது. சிற்றூர் வேலைக்கென எழுந்த கருவி என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

தேதி, ஊர், குறை, தீர்ந்ததா என்ற நான்கு கட்டங்களே முதலில் வேண்டும். அவற்றின் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். பிறகு 'மேக்மைக்ரேஷன்ஸ்', 'மைக்ரேட்' என்ற இரு ஆணைகள் அட்டவணையை உண்டாக்கும். புதியவர் பலர் இவற்றை மறந்துவிட்டு, அட்டவணையே இல்லை என்னும் பிழைச் செய்தி கண்டு திகைப்பர். அடுத்து 'ரன்சர்வர்' என்று ஆணையிட்டு, உலாவியில் 127.0.0.1:8000 என்று எழுதினால் பக்கம் திறக்கும். 127.0.0.1 என்பது கணினி தன்னையே சுட்டிக்கொள்ளும் முகவரி. 8000 அதன் கதவெண் போன்றது. வேறு கணினியில் இதே முகவரியை எழுதினால் அது தன்னையே தேடும். நம் பக்கம் வராது.

ஆணையிட்ட கறுப்புச் சாளரத்தை மூடினால் பக்கம் நின்றுவிடும். அஞ்ச வேண்டாம், பதிந்தவை யாவும் 'எஸ்க்யூலைட்' கோப்பு ஒன்றில் இருக்கும். மீண்டும் ஆணையிட்டால் இயங்கும். அக்கோப்பை வாரந்தோறும் பென்டிரைவில் படியெடுத்து, வேறொரு பெட்டியில் வையுங்கள். கணினி பழுதானால் அப்படி ஒன்றே கதி.

'ரன்சர்வர்' பயில்வதற்கான ஏற்பாடு. ஊருலகுக்குத் திறந்துவிடத் தக்கதன்று. எனவே எவருடைய ஆதார் எண்ணையும் இதில் ஏற்ற வேண்டாம். 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்திற்கும் இது மாற்றன்று; கணக்கு அங்கே, குழாய் இங்கே.

காகிதப் பதிவேட்டையும் கைவிடாதீர்கள். இம்மலைச் சூரிய ஆய்வுக்கூடத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட சூரியப் படத்தகடுகளைக் கணினிக்கு மாற்றிய பின்னரும் தகடுகளைப் பாதுகாத்தே வருகின்றனர்.

உணவுக்குப்பின் செய்முறை தொடங்கும். உங்கள் ஊரில் இன்றும் தீராத குழாய்க் குறை ஒன்றை ஒவ்வொருவரும் எழுதி எடுத்து வாருங்கள்; அவற்றையே முதற்பதிவுகளாக ஏற்றுவோம்.