"என்ன சிரமம் சார்?"



ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வங்கி கிளார்க்காக இருந்தபோது எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. 'லெட்ஜரை விடமாட்டேன்' என்று அடம்பிடித்தவர்களில் நானும் ஒருவன். சோம்பல் இல்லை, தப்பு செய்துவிடுவோமோ என்ற பயம். சுற்றறிக்கைகளால் அந்தப் பயம் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன சிரமம் சார்?" என்று கேட்ட ஓர் இளம் ஊழியரால்தான் போனது.

2004 வாக்கில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். அதற்குக் 'கூடம்' என்று பெயர். பெரிய பொறியாளர், சின்னப் பொறியாளர் என்ற வித்தியாசமின்றி வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினார்கள். புதிது புதிதாகத் திட்டம் போடுவது மட்டுமல்ல, இருக்கும் நீரைக் காப்பதும் தங்கள் வேலைதான் என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். பிறகு கிராம மக்களோடும் அப்படியே உட்கார்ந்து பேசினார்கள்.

இங்கே ராஜபாளையத்தில் தண்ணீர் வராத அன்று, நகராட்சி ஊழியரைப் பார்த்ததும் நாம் சத்தம்தான் போடுகிறோம். அடுத்த முறை ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, "என்ன சிரமம் சார்?" என்று முதலில் கேட்டுப் பார்ப்போமே.