இறக்கைக்குத் தாள் போர்த்துகிற வேலை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "நீங்க ஏரோப்ளேன் செய்யறீங்களாமே, நெசமா?" என்று கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். நாங்க ஏரோப்ளேன் செய்யலை. கல்லூரிப் பிள்ளைகளும் என்.சி.சி. விமானப் பிரிவுப் பிள்ளைகளும் பயிற்சிக்காகப் பறக்க விடுகிற மாதிரி விமானம் இருக்கே, அதோட இறக்கைக்குத் தாள் போர்த்திக் கொடுக்கிறோம். அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" எங்களுக்கு ஒரு வருஷப் பாடம். கூட்டமைப்பில் இருந்து "தொழில் பத்திப் பேசுங்க, நஷ்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார்கள். அதனால் மறைக்காமல் சொல்றோம்.

எங்க ஊருக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே விமானப் பிரிவில் படிக்கிற பிள்ளைகளுக்கு எலும்புக்கூடு மாதிரி இறக்கையை மெஷினில் வெட்டி ஒட்டி வைத்துவிடுகிறார்கள். அதன் மேல் தாள் போர்த்துவதற்குத்தான் கைப்பழக்கமும் பொறுமையும் வேண்டும். எங்க குழு தையல் குழு என்பது தெரிந்து கேட்டு அனுப்பினார்கள். 30 இறக்கை, ஒன்றுக்கு கூலி ரூ.150. இஸ்திரிப் பெட்டி, கிராம் தராசு, பலகை, மின்விசிறி வாங்க உள்கடன் ரூ.6,000 எடுத்தோம்.

முதலில் எங்க கைக்கு வந்த சட்டத்தைத் தூக்கிப் பார்த்ததும் பயமா இருந்தது. பால்சா என்ற மரம். பெரும்பாலும் தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டில் இருந்து வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கிற அளவுக் கட்டை சுமார் 150 கிராம்தான் இருக்கும். அதே அளவு வேப்பங்கட்டை முக்கால் கிலோவை நெருங்கும். நகம் பட்டால் குழி விழும். குறுக்கே விலா எலும்பு மாதிரி பட்டைகள், அதை ரிப் என்கிறார்கள். முன்பக்கம் ஒரு குச்சி, பின்பக்கம் ஒரு குச்சி. இதன் மேல் மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டி, தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் தாள் சுருங்கி மேளத்தோல் மாதிரி விறைக்கும். அதன் மேல் டோப் என்கிற மருந்தைப் பூசினால் தாளின் கண் அடைபடும், இன்னும் கொஞ்சம் இறுகும்.

நம்ம வீட்டுப் பிள்ளைகள் ஈர்க்குச்சியும் சோத்துப் பசையும் வச்சு பட்டம் ஒட்டுறதைப் பார்த்தவங்களுக்கு இது புதுசு இல்லை. நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். அந்த நினைப்புதான் எங்களைக் கவிழ்த்தது.

முப்பதும் முடிச்சு, ஆட்டோவில் ஏத்தி அனுப்பினோம். அடுத்த வாரம் 11 திரும்பி வந்தது. பார்க்க எல்லாம் அழகாத்தான் இருந்தது, ஒரு சுருக்கம் கிடையாது. ஆனால் மேசை மேல் வைத்தால் ஒரு நுனி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. முறுக்கிக்கொண்டு விட்டது. ஒரு பக்க இறக்கை ஒரு சாய்விலும் மறுபக்கம் வேறு சாய்விலும் இருந்தால், காற்று ஒரு பக்கத்தை அதிகமாகத் தூக்கும். விமானம் வட்டம் போட்டுக்கொண்டே வந்து தரையில் குத்தும். கல்லூரியில் ஒன்றைப் பறக்கவிட்டே காட்டினார்கள். எங்களுக்கு வயிறு பிசைஞ்சது.

ஏன் முறுக்கியது? கயிற்றுக் கட்டில் பின்னியவங்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ஒரு பக்கமாகவே இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டால் கட்டில் மூணு காலில் நிற்கும். நாங்க முதல் நாள் மேல்பக்கம் ஒட்டித் தண்ணீர் தெளிச்சோம். மறுநாள்தான் கீழ்ப்பக்கம். அதற்குள் மேல்தாள் சுருங்கி, சட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இன்னொரு தப்பு, சீக்கிரம் முடியணும்னு இடது பாதி ஒருத்தர், வலது பாதி ஒருத்தர் டோப் பூசினோம். ஒருத்தர் கை கனமான கை. ஒரு பாதி அதிகம் இறுகிப் போச்சு.

இப்போ செய்கிற முறையைச் சொல்றோம். தாளுக்கும் மரம் மாதிரி ரேகை உண்டு. ஓரத்தில் கொஞ்சம் கிழித்துப் பாருங்க. ஒரு திசையில் நேராகக் கிழியும், இன்னொரு திசையில் கோணக் கிழியும். நேராகக் கிழிகிற திசை இறக்கையின் நீளவாக்கில் வரணும். ஈரம் பட்டுக் காயும்போது தாள் ரேகைக்குக் குறுக்கேதான் அதிகம் சுருங்கும். ரேகையை மாற்றி ஒட்டினால் இரண்டு ரிப்புக்கு நடுவில் தாள் பள்ளமாகும். சட்டத்தின் ஓரத்தை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, தண்ணீர் கலந்த பெவிகாலை ஓரத்தில் மட்டும் தடவி, நடுவில் இருந்து நுனிக்கு இழுத்து ஒட்டுகிறோம். கீழ்ப்பக்கம் ஒட்டி, மேல்பக்கமும் ஒட்டி முடிக்கிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கக்கூடாது. பிறகு இரண்டு பக்கமும் பனி மாதிரித் தெளித்து, நேரான பலகையில் சின்னக் கட்டைகளை அடியில் கொடுத்து, குண்டூசியால் பிடிப்பு வைத்து ராத்திரி முழுக்க விடணும். அடியில் காற்றுப் போகாவிட்டால் கீழ்த்தாள் மட்டும் தாமதமாகக் காயும், மறுபடி அதே கதை. டோப்பை ஒருத்தரே இரண்டு பாதிக்கும் பூசணும், பூசினதும் மறுபடி பலகைக்குப் போகணும்.

சில இறக்கைக்கு நுனியில் பின் ஓரத்தை 3 மில்லிமீட்டர் தூக்கி வைத்தே காய வைக்கச் சொல்வார்கள். அது கோணல் இல்லை, வேணும்னே வைக்கிறது. விமானம் வேகம் குறையும்போது நுனி முதலில் விழாமல் இருக்கத்தான். ஆனால் இரண்டு நுனியிலும் ஒரே அளவு. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் நாங்க அவிழ்த்து மறுபடி வைக்கிறோம்.

திரும்பி வந்த 11-இல் ஏழை இட்லிப் பானை காப்பாத்திச்சு. ஆவிக்கு மேலே இறக்கையைப் பிடித்து, முறுக்கின பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் லேசாத் திருப்பி, ஆறுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டே இருக்கணும். இதைக் கல்லூரி ஒர்க்ஷாப்பில் இருந்த பெரியவர் சொல்லிக் கொடுத்தார். மீதி நாலுக்குத் தாளைக் கிழித்துவிட்டுப் புதுசா ஒட்டினோம். கிழிக்கும்போது இரண்டில் ரிப் உடைந்தது. தாள் செலவும் மரச் செலவும் எங்க கணக்கில்தான். ஐந்து பேர் ஒன்பது நாள் கூலி இல்லாமல் உட்கார்ந்தோம். அந்த மாசம் உள்கடன் தவணையைச் சந்தாப் பணத்தில் இருந்து கட்டினோம். சும்மா சொல்லக்கூடாது, குழு உடைஞ்சிடும் போல இருந்தது.

அடுத்தது எடைக் கணக்கு. எங்க இறக்கை 1 மீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம். மேலும் கீழும் சேர்த்தால் 0.3 சதுர மீட்டர். டிஷ்யூ தாள் ஒரு சதுர மீட்டர் சுமார் 12 கிராம். பிள்ளைகள் நோட்டுத்தாள் 60 கிராம் வரும். ஆக இறக்கைக்குத் தாள் நாலு கிராம்கூட இல்லை. பசையும் டோப்பும் சேர்ந்தாலும் 9 கிராமுக்குள் நிற்கணும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாங்க முதலில் கொடுத்தது 12, 13, ஒன்று 15. பளபளப்பா இருந்தால் பாராட்டுவாங்கன்னு நாலு தடவை டோப் பூசினோம்! இந்த வேலையில் பளபளப்புக்குக் கூலி இல்லை. இப்போது ஒட்டும் முன் ஒரு தடவை, ஒட்டின பிறகு ஒரு தடவை, முடித்த பிறகு ஒரு தடவை எடை போட்டு நோட்டில் எழுதுகிறோம்.

வால் பகுதியில் இன்னும் கவனம். நம்ம ஊர் ஏற்றம் மாதிரித்தான் விமானமும். வால் தூரத்தில் இருக்கு, மூக்கு கிட்டத்தில் இருக்கு. வால் தூரம் மூன்று பங்கு என்றால், வாலில் 1 கிராம் கூடினால் மூக்கில் 3 கிராம் ஈயம் வைத்துத்தான் சமன் செய்யணும். அதனால் வாலுக்கு ஒரு பூச்சு குறைவு.

எங்க குழுவில் கோலத்தில் கைதேர்ந்த ஒரு தங்கச்சி, ஆசையா ஒரு இடது இறக்கையில் எனாமல் பெயிண்டில் தாமரைக் கோலம் போட்டுட்டாள். என்ன அழகு! எடை பார்த்தால் அந்தப் பக்கம் மட்டும் 4 கிராம் அதிகம். அழ ஆரம்பிச்சிட்டாள். இப்போ கலர் டிஷ்யூவிலேயே கோலத்தை வெட்டி, டோப் தொட்டு ஒட்டுகிறாள், இரண்டு பக்கமும் ஜோடியா. தராசு முள் அசையறது இல்லை. பிள்ளைகள் அந்தக் கோல இறக்கைக்குப் போட்டி போடறாங்க.

பிளாஸ்டிக் படலம் ஒட்டுகிற வேலையும் வருகிறது. அது இஸ்திரி போடுகிற வேலை. 100 டிகிரிப் பக்கம் பசை ஒட்டும், 150 டிகிரிப் பக்கம் படலம் சுருங்கும். பெட்டிக்குப் பருத்திச் சாக்ஸ் மாட்டிக்கணும், இல்லாட்டி கீறல் விழும். சீக்கிரம் முடியும், நாற்றம் கிடையாது, மழைக்காலத்திலும் செய்யலாம். ஆனால் சாதாரணப் படலம் சதுர மீட்டருக்கு 60, 70 கிராம். எங்க இறக்கைக்கு 20 கிராம் ஆயிடும். பெரிய விமானத்துக்குச் சரி, சின்னதுக்கு ஆகாது. தெர்மாகோல் இறக்கை வந்தால் டோப் பக்கமே கொண்டு போகாதீங்க. தின்னர் பட்டால் தெர்மாகோல் கரைந்து ஓட்டை விழுந்துடும். எங்களுக்கு விழுந்தது. அதுக்குப் பெவிகாலும் பழுப்புத் தாளும்தான்.

இனி சொல்லப் போவது முக்கியம், பின்னாடி இருக்கிற அக்காமார் கொஞ்சம் பேச்சை நிறுத்திக் கேளுங்க.

டோப் என்பது தின்னரில் கரைத்த மருந்து. தச்சர் நாற்காலிக்கு அடிக்கிற என்.சி. லாக்கருக்குச் சொந்தக்காரி. குபீரென்று தீப்பிடிக்கும். முதல் மாசம் மழைன்னு வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திப் பூசினோம். மழை ஈரத்தில் டோப் வெள்ளையாப் பூத்துக் கெட்டது ஒரு பக்கம். எல்லாருக்கும் தலைவலி. ஒரு தங்கச்சிக்கு வாந்தி. அவள் நாலு மாசக் கர்ப்பம், யார்கிட்டேயும் சொல்லலை. சொன்னால் வேலையில் இருந்து நிறுத்திடுவோம், கூலி போயிடும்னு பயம். சுகாதார செவிலியர் அம்மா வந்து பார்த்துத்தான் எங்களைக் கேட்டார்: "இந்த நாத்தத்திலயா புள்ளைத்தாச்சியை உட்கார வச்சிருக்கீங்க?" எங்களிடம் பதில் இல்லை.

பிறகு விசாரித்தபோது ஒரு பழைய சங்கதி தெரிந்தது. 1914-இல் தொடங்கிய முதல் உலகப் போரில் விமான இறக்கை பெரும்பாலும் மரச்சட்டம்தான், மேலே அயர்லாந்து லினன் துணி. பிரிட்டன் தொழிற்சாலைகளில் அந்தத் துணியைத் தைத்ததும் டோப் பூசியதும் பெரும்பாலும் பெண்கள். அப்போதைய ஒரு வகை டோப்பில் டெட்ராகுளோரோஈத்தேன் என்ற கரைப்பான் கலந்திருந்தது. அந்த ஆவி ஈரலைக் கெடுத்தது. பூசின பெண்களுக்கு மஞ்சள் காமாலை கண்டது, சிலர் செத்தே போனார்கள். 1916-இல் அந்தக் காமாலையை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில் நோயாக அறிவித்தார்கள், பிறகு அந்தக் கரைப்பானைக் கைவிட்டார்கள். இன்றைக்கு நாங்க வாங்குகிற டோப்பில் அது இல்லை. ஆனால் தின்னர் ஆவியும் நல்லது இல்லை, வயித்துப் புள்ளைக்கு ரொம்பக் கெடுதல்.

அன்றைக்கே கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதினோம். டோப் வேலை சமுதாயக்கூடத்துத் திண்ணையில் மட்டும், வெயில் நாளில் மட்டும். அடுப்பு, பீடி, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் கூடாது. முந்தானையை மூக்கில் கட்டினால் தூசிதான் நிற்கும், ஆவி நிற்காது. கரி அடைத்த முகமூடி இரண்டு வாங்கினோம். ஒருத்தர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பூசக்கூடாது. கர்ப்பிணியும் பால் கொடுக்கிறவங்களும் டோப் பக்கம் வரவே கூடாது. அவங்களுக்குத் தாள் வெட்டுவது, எடை போடுவது, கணக்கு எழுதுவது. கூலி எல்லாருக்கும் ஒன்றே.

இந்தக் கடைசி வரிக்குச் சண்டை வந்தது. "நாங்க நாத்தத்துல நிக்கிறோம், அவ நிழல்ல உட்கார்ந்து தாள் வெட்டுவா, ரெண்டு பேருக்கும் ஒரே கூலியா?" என்று மூணு பேர் கேட்டாங்க. கேட்டதிலும் நியாயம் இருக்கு. ஆனால் கூலி குறையும்னா அடுத்த பொண்ணும் மறைக்கத்தான் செய்வாள். மூணு வாரம் பேசினோம். கடைசியில் டோப் பூசுகிறவங்களுக்கு நாளுக்கு ரூ.20 தனியா, முகமூடி வடிகட்டிச் செலவு பொதுவில், அடிப்படைக் கூலி எல்லாருக்கும் சமம் என்று முடிஞ்சது. இரண்டு பேர் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க, அதையும் நோட்டில் எழுதி வச்சிருக்கோம். அந்தத் தங்கச்சிக்கு ஆண் குழந்தை, சுகமா இருக்கான். எடை நோட்டு இப்பவும் அவள் பொறுப்புதான்.

கூலியையும் கல்லூரியில் பேசி ரூ.190 ஆக்கினோம். இறக்கை வாங்கும்போதே மேசையில் வைத்துக் கோணல் இருக்கான்னு இரண்டு தரப்பும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம், ஏற்கெனவே கோணின சட்டம் எங்க தலையில் விழாமல் இருக்க. உள்கடனில் ரூ.1,500 பாக்கி நிற்கிறது.

இப்போ 24 இறக்கை பலகையில் காய்கிறது. நாளைக்குக் காலையில் குண்டூசி எடுக்கிறோம். பார்க்க ஆசைப்படுகிற குழுக்கள் ஒன்பது மணிக்குள் சமுதாயக்கூடத்துக்கு வாங்க. டோப் பூசுவது பத்து மணிக்கு மேல்தான். கைக்குழந்தையோடு வருகிறவங்க அதற்கு முன்னாடியே பார்த்துட்டுக் கிளம்பிடுங்க.